தேய்மானம்

டெக்ஸாஸில் இருக்கும் என் பால்ய நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஆட்டுரல் மாதிரி பருத்த நாலு டயர். நடுவில் மோட்டார் சைக்கிள் சீட். அதன் மேல் கூலிங் கிளாஸ் சகிதம் நண்பன். கீழே ஒரு வரி: ‘புது வண்டி. ஏ.டி.வி! மேடு, பள்ளம், சேறு, மணல்... எங்க வேணாலும் போகும்.’

பதிலுக்கு எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லைப் படம் பிடித்து அனுப்பினேன். ‘இது எங்க ஊர் ஏ.டி.வி. ரெண்டே டயர்தான். ஆனா, மூணு மூட்டை மிளகாய் ஏத்தலாம்!’

சிரிக்காதீர்கள். விருதுநகர் பக்கம் வந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு ஓர் அடி நகர விடாது. வெயில் அடித்தால் அதே மண் மாவாகப் பறந்து மூக்கிலும் இன்ஜினிலும் ஏறும். வழி நெடுக சீமைக்கருவேல முள். இந்த நிலத்தில் பால் கேன், ஆட்டுக்குட்டி, புல்லுக்கட்டு, பொண்டாட்டி, பிள்ளை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இதுதான். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது, இரண்டு பேர் உட்கார்ந்து போகிற முதல் இந்திய மொபெட் என்று பெயர் வாங்கியது. இரண்டு பேர் என்பதெல்லாம் கம்பெனிக் கணக்கு. எங்கள் ஊர்க் கணக்கு வேறு!

நண்பன் விடவில்லை. போன் போட்டான். “சர்வீஸுக்கு எங்கடா விடுற? இங்க கையை வச்சாலே நூறு டாலர்!”

“நானேதான் பார்த்துக்கறேன்.”

“நீயா? பி.காம். படிச்ச நீ?”

அவன் சிரித்த சிரிப்பு டெக்ஸாஸிலிருந்து நேராகவே கேட்டிருக்கும். அவனிடம் சொல்லாத கதையை உங்களிடம் சொல்கிறேன்.

*

நான் விருதுநகரில் பி.காம். படித்தவன். தேய்மானம் பற்றி நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை. ஒரு லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம் என்றால், முதல் வருஷக் கடைசியில் மதிப்பு 85,000. இரண்டாவது வருஷக் கடைசியில் 72,250. இந்த முறையில் எத்தனை வருஷம் போனாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது. பரீட்சையில் இந்தக் கணக்கு வந்தால் எனக்கு முழு மார்க்.

ஆனால், அந்த இயந்திரத்தில் நிஜமாகத் தேய்வது எது? பல்சக்கரமா, பெல்ட்டா, பேரிங்கா? எவ்வளவு தேய்ந்தால் ஆபத்து? மூன்று வருஷப் படிப்பில் ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தேய்மானம் என்றால் எங்களுக்குப் பேரேட்டில் ஒரு வரி. அவ்வளவுதான்.

இந்த எக்ஸ்.எல். அப்பாவுடையது. பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், 2004-ல் வாங்கினார். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அந்த மாடல் இப்போது வருவதில்லை. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100, நாலு ஸ்ட்ரோக். அப்பா காலமான பிறகு வண்டி என் கைக்கு வந்தது. மகளை டியூஷனில் விட, காய்கறி வாங்க, அவசரத்துக்கு ஒரு செய்திக்கு ஓட... எல்லாவற்றுக்கும் அதுதான்.

வண்டி பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பின் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் சக்கரத்துப் பக்கம் ஒரு நட்டு இருக்கும். அதை ரெண்டு சுற்று முறுக்கினால் பிடிக்கும். மறுபடி பிடிக்கவில்லையா? இன்னும் ரெண்டு சுற்று. வருஷக் கடைசியில் கணக்கு உதைத்தால் ஒரு சரிக்கட்டுப் பதிவு போடுவோமே, அந்த மாதிரி. முன் பிரேக் கேபிள் எப்போதோ அறுந்துபோயிருந்தது. ‘அதான் பின்னாடி இருக்கே’ என்று அதை மாற்றவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். லேசான தூறல். மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கண்மாய்க்கரை இறக்கத்தில் வருகிறேன். முன்னால் போன டிராக்டர் சடாரென்று நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். லிவர் கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை.

இரண்டு காலையும் தரையில் தேய்த்தேன். செருப்பு பிய்ந்து போனது. டிராக்டரில் மோதாமல் ஒடித்துக் கரைச் சரிவில் சாய்ந்தோம். எனக்கு ஒன்றும் இல்லை. மகளுக்கு முழங்காலில் நாலு தையல்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்ததும் அவள் கேட்டாள்: “பிரேக் சரியில்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?”

“இல்லம்மா... திடீர்னு போயிருச்சு” என்றேன்.

பொய்.

*

ஆமத்தூர் விலக்குப் பக்கம், சிவகாசி ரோட்டில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. மெக்கானிக் அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியை ஒரு லோடு ஆட்டோவில் போட்டு அவரிடம் கொண்டுபோனேன்.

பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார். உள்ளே பிறை நிலா மாதிரி இரண்டு பிரேக் ஷூ. அதன் முதுகில் ஒட்டியிருக்க வேண்டிய லைனிங் ஒரு பக்கம் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. இன்னொரு பக்கம் லைனிங்கே இல்லை. வெறும் உலோகம் உரசி உரசி டிரம்மின் உட்புறம் கோடு கோடாகக் கிழிந்திருந்தது.

“இது எம்புட்டு நாளாக் கத்துது தம்பி?”

“கத்தலையே அண்ணாச்சி.”

“கத்தியிருக்கும். உங்க காதுல விழுந்திருக்காது.” பிறகு அந்த நட்டைக் காட்டினார். “இங்க பாருங்க. மரை முடிஞ்சுபோச்சு. ஷூ தேயத் தேயத்தான நட்டு உள்ள வரும்? மரை இம்புட்டுத்தான் மிச்சம்னா, ஷூ இம்புட்டுத்தான் மிச்சம்னு அர்த்தம். நட்டு உங்களுக்குச் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவை முறுக்கும்போதும் பிரேக்கைச் சரிசெய்கிறோம் என்று நினைத்திருந்தேன். உண்மையில், தேய்மானத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு இதெல்லாம் கத்துக்கொடுப்பீங்களா அண்ணாச்சி?”

“எதுக்கு? பத்திரிகைல எழுதவா?”

“இல்ல அண்ணாச்சி. வண்டி ஓட்ட.”

ஒரு நிமிஷம் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை வாங்க. பழைய சட்டை போட்டுட்டு வாங்க” என்றார்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். பாஷை தெரியாத ஊரில் தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்த்த பூமியில் ஒரு தொழில் நகரமே எழுந்தது. அவர்களாவது கல்கத்தா போனார்கள். எனக்கு ஆமத்தூர் விலக்கு. பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது!

*

முதல் ஞாயிறு, பஞ்சர்.

‘இது என்ன பெரிய வித்தை?’ என்றுதான் நானும் நினைத்தேன். லிவர் போட்டு டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். குமிழ் வந்த இடத்தில் அடையாளம் வைத்து, துடைத்து, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கொஞ்சம் உலர விட்டு பேட்ச் ஒட்டினேன். பெருமையாக டியூபை டயருக்குள் திணிக்கப் போனேன்.

அண்ணாச்சி கையைப் பிடித்தார். “முள்ளு எங்க?”

“எந்த முள்ளு?”

“டியூப்ல ஓட்டை போட்டுச்சே, அந்த முள்ளு. அது இன்னும் டயருக்குள்ளதான கெடக்கு? நீங்க ஒட்டி அனுப்புவீங்க. ஒரு மைல்ல மறுபடி பஞ்சர் ஆகும். மறுபடி ஒட்டுவீங்க. முள்ளை எடுக்காம டியூபை ஒட்டுறவன் மெக்கானிக் இல்ல தம்பி, வெறும் ஒட்டுறவன்.”

டயரின் உட்புறம் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொன்னார். துணியால் தடவினால் முள்ளில் நூல் மாட்டும். கையைக் குத்திக்கொள்ள வேண்டாம். தடவினேன். மாட்டியது. கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தால், கால் அங்குலம்கூட இல்லாத ஒரு கருவேல முள்!

அடுத்த வாரம் ஏர் ஃபில்டர். மனுஷன் மூக்கில் இருக்கிற முடி என்ன வேலை செய்கிறதோ, அந்த வேலைதான் அதற்கும். என் வண்டியில் இருந்த ஸ்பாஞ்ச், கரிசல் மண் ஏறி அதிரசம் மாதிரி கெட்டியாக இருந்தது. காற்று போக வழியில்லை என்றால் பெட்ரோல் எப்படி ஒழுங்காக எரியும்? ‘மைலேஜ் குறைஞ்சுபோச்சு’ என்று ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, காயவைத்து, நாலு சொட்டு ஆயில் விட்டுக் கசக்கி மாட்டினோம். அந்த ஆயில் பிசுக்குதான் தூசியைப் பிடிக்குமாம். முறுக்கிப் பிழியக் கூடாது, ஸ்பாஞ்ச் கிழிந்துவிடும். உள்ளங்கையில் வைத்து அமுக்கத்தான் வேண்டும்.

பிறகு ஸ்பார்க் பிளக். இன்ஜினின் நாக்கு என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். பிஸ்கட் கலரில் இருந்தால் ஆரோக்கியம். கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெளுத்துப்போயிருந்தால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது. என் பிளக் அடுப்புக்கரி. காரணம், லிட்டருக்கு 20 மில்லி ஊற்ற வேண்டிய ஆயிலை, ‘கூட ஊத்தினா வண்டிக்கு நல்லதுதானே’ என்று தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். பாசத்தில் குழந்தைக்கு நெய் ஊற்றுகிற பாட்டி மாதிரி!

பிளக்கின் இரண்டு முனைக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளிக்கு அண்ணாச்சி ஆக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பார். அந்தத் தகட்டின் கனம் போதும். பிறகு பொறி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். கழற்றிய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடம்பை இன்ஜினில் வைத்துக்கொண்டு கிக்கரை உதைக்க வேண்டும். நான் உதைக்கப் போனேன்.

“நில்லுங்க!”

அந்தக் குரலில் அவர் அதுவரை என்னிடம் பேசியதில்லை. எழுந்து வந்து, என் காலடியில் இருந்த பெட்ரோல் டப்பாவை எடுத்துப்போய் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். பெட்ரோல் துடைத்த பனியன் வேஸ்ட்டையும் பொறுக்கி எடுத்துப்போனார். கையைக் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்து, “இப்ப உதைங்க” என்றார்.

நீலமாக ஒரு பொறி. ‘டிக்’.

அவர் அந்தப் பொறியைப் பார்த்த பார்வையில் வேறு ஏதோ இருந்தது.

*

டீ குடிக்கும்போது சொன்னார்.

“நான் ஒம்பது வருஷம் பயர் ஆபீஸ்ல இருந்தவன் தம்பி.” பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதான் பெயர். தீப்பெட்டித் தொழிற்சாலை, தீப்பெட்டி ஆபீஸ். “மருந்து ரூமுக்குள்ள சும்மா போயிர முடியாது. வாசல்ல செம்புத் தகடு இருக்கும். அதத் தொடணும். உடம்புல இருக்க கரண்ட்டு அதுல இறங்கிரும். செருப்புக் கூடாது. நைலான் துணி கூடாது. இரும்புச் சாமானே ஆகாது. பித்தளை, மரம், அதான். வண்டியெல்லாம் கேட்டுக்கு வெளிய. ஒரு பொறி வந்தாப் போச்சு.”

வெடி செய்கிற கலவைக்கு எங்கள் ஊரில் ‘மருந்து’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த நோய்க்கு என்று தெரியவில்லை.

“ஒரு சித்திரை மாசம். பக்கத்து ரூமு போயிருச்சு. ரெண்டு பேர். அதுல ஒருத்தன் என் கூட ஒரே தூக்குச்சட்டியில சாப்பிடுறவன். மறுநா பேப்பர்ல போட்டிருந்தாக... ‘உராய்வு காரணமாக வெடி விபத்து’ன்னு. அன்னைக்கு வேலைய விட்டவன்தான், திரும்பிப் போகல.”

டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நீங்கதான தம்பி எழுதுவீக, உராய்வு காரணமாகன்னு?”

நான்தான். இருபது வருஷமாக எழுதியிருக்கிறேன். விபத்து நடந்ததும் ஓடுவோம். புகை, அழுகை, ஆம்புலன்ஸ். போலீஸ் அதிகாரியிடம் கேட்டால், ‘மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டிருக்கலாம்’ என்பார். எழுதிவிட்டுப் பஸ் ஏறுவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிப்போனார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். நடுவிலும் பின்னாலும் ஒன்று, இரண்டு, ஐந்து என்று எத்தனையோ. ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் மாறும். அந்த வரி மட்டும் மாறாது.

“நான் ஒண்ணு கேக்கறேன். உராய்வு எங்க தம்பி இல்ல? மருந்தை அள்ளினா உராய்வு, சலிச்சா உராய்வு, குழாய்ல அடைச்சா உராய்வு. எல்லா நாளும்தான் உரசுது. அன்னைக்கு மட்டும் ஏன் வெடிச்சுது? ரூமுக்குள்ள எத்தனை பேர் இருந்தாக, எத்தனை கிலோ மருந்து இருந்துச்சு, யார் பாத்தா, யார் பாக்காம விட்டா... அதத்தான கேக்கணும்? நீங்க டியூப ஒட்டிட்டுப் போயிர்றீக. முள்ளு உள்ளேயே கெடக்கு.”

நியாயம்தானே? ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்றெல்லாம் விதி இருக்கிறது. பெரிய விபத்துகளுக்குப் பிறகு நடந்த விசாரணைகளில் திரும்பத் திரும்ப வந்தது என்ன? அளவுக்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க அறைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் வேறு ஒருவர். உராய்வா அறையைக் குத்தகைக்கு விட்டது?

அண்ணாச்சி என் வண்டியைக் காட்டினார். “இதுலயே பாருங்க. செயின்ல உராய்வு ஆகாது. அதுக்கு எண்ணெய் விடணும். பிரேக்ல உராய்வுதான் தெய்வம். அங்க ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் ஆள் காலி. எங்க வேணும், எங்க ஆகாதுன்னு தெரிஞ்சு பாத்துக்கிடணும். அம்புட்டுத்தான் மெக்கானிக் வேலை.”

யோசித்தால், எங்கள் மாவட்டமே உராய்வில்தான் சாப்பிடுகிறது. தீப்பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருக்கும் சிவப்பு பாஸ்பரஸில் குச்சியை உரசினால்தான் சோறு. மருந்து அறையில் அதே உரசல் எமன். உராய்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. அது தெரிய வேண்டியது பார்த்துக்கொள்கிறவனுக்கு.

*

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒருநாள் வண்டியின் பக்கவாட்டு டப்பாவைச் சுத்தம் பண்ணினேன். அடியில், பாலிதீன் பையில் சுற்றி ஒரு சின்ன நோட்டு. அப்பாவின் கையெழுத்து. மண்டிப் பேரேட்டில் எழுதுகிற அதே சாய்வு எழுத்து. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு. ‘பிளக் சுத்தம்.’ ‘செயின் டைட், எண்ணெய்.’ ‘பின் ஷூ புதுசு.’ ‘முன் கேபிள் மாற்றம்.’ மாசம் தவறாமல் ஒரு வரி.

அவரும் கணக்கு எழுதியவர்தான். ஆனால், அவர் எழுதிய தேய்மானம் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு எழுதிய தேய்மானம். அவர் படுத்த படுக்கையான மாசத்தோடு நோட்டு நிற்கிறது. அப்புறம் பக்கமெல்லாம் காலி. காலியாகக் கிடந்த அந்த இரண்டு வருஷமும் வண்டியை ஓட்டியவன் நான்.

அன்று ராத்திரி மகளைக் கூப்பிட்டேன். “அன்னைக்கு ஆஸ்பத்திரில ஒண்ணு கேட்டியே... பிரேக் சரியில்லைன்னு எனக்குத் தெரியும். பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்.”

அவள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எனக்கும் தெரியும்ப்பா. நீங்க அடிக்கடி அந்த நட்டத் திருகுவீங்கல்ல, பாத்திருக்கேன்” என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்கிறோம். அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த ஐந்து வார்த்தைதான் பாடம்: காத்து, கம்பி, வெளிச்சம், எண்ணெய், செயின். காத்து என்றால் டயர். கம்பி என்றால் பிரேக், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்று. வெளிச்சம், விளக்குகள். எண்ணெய், பெட்ரோலும் ஆயிலும். செயின், நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம், முக்கால் அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் இழுத்துக் கட்டு. இன்ஜின் ஓடும்போது மட்டும் செயின் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. இந்தக் கடைசி விதியை அண்ணாச்சி தன் நுனி இல்லாத சுண்டுவிரலைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பார்.

எழுதுகிற வேலை என் மகளுடையது. அப்பா விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து.

டெக்ஸாஸ் நண்பனிடம் இந்த ஐந்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “டேய்... இங்க ஏ.டி.வி. பாதுகாப்பு வகுப்புல இதையேதான்டா சொல்லிக்கொடுத்தாங்க!” என்றான். வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றுக்கு அங்கே ‘டி-க்ளாக்’ என்று ஒரு சூத்திரம். டயரும் சக்கரமும், கைப்பிடியும் கேபிளும், விளக்கும் மின்சாரமும், ஆயிலும் பெட்ரோலும், செயினும் சட்டமும். அதே ஐந்து, அதே வரிசை!

அங்கே அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை சின்னது இல்லை. 1970-ல் ஹோண்டா அங்கே விற்க ஆரம்பித்த ஏ.டி.வி.க்கு மூன்றே சக்கரம். மற்ற கம்பெனிகளும் அந்த வழியில் வந்தன. வண்டிகள் கவிழ்ந்து, சிறுவர்கள் உட்பட ஏராளமானோர் அடிபட்டுச் செத்த பிறகு, 1988-ல் மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்தக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. ‘ஓட்டியவன் கவனக்குறைவு’ என்று ஒவ்வொரு விபத்தையும் மூடியிருக்கலாம். யாரோ முள்ளைத் தேடியிருக்கிறார்கள்.

*

போன தடவை ஒரு பட்டாசு விபத்துச் செய்தியை எழுத உட்கார்ந்தபோது, விரல் பழக்கதோஷத்தில் ‘உராய்வு காரணமாக’ என்று தட்டிவிட்டது. நிறுத்தினேன். அழித்தேன். போனை எடுத்து நாலு பேரைக் கூப்பிட்டேன். அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? அனுமதி எத்தனை பேருக்கு? உரிமம் யார் பெயரில், நடத்தியது யார்? கடைசியாக யார் வந்து பார்த்தார்கள், என்றைக்கு?

இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தது. இரண்டுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத இரண்டையும் கேள்வியாகவே எழுதினேன். செய்தி நாலு வரி நீண்டுவிட்டது. அதனால் யாரும் உயிரோடு வரப்போவதில்லை. ஆனால், இருபது வருஷத்தில் முதல் தடவையாக டயருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்த மாதிரி இருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் உங்கள் வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டு நிமிஷம் பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து பாருங்கள். டிரம் பிரேக் வண்டி என்றால், பிரேக் கம்பியின் முனையில் ஒரு நட்டு இருக்கும். அதற்கு இன்னும் எவ்வளவு மரை மிச்சம் இருக்கிறது? நிறைய வண்டிகளில் டிரம் மீது ஒரு சின்ன அம்புக்குறியும் பக்கத்தில் ஒரு கோடும் போட்டிருப்பார்கள். பிரேக்கை முழுசாகப் பிடித்துப் பாருங்கள். அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூவை மாற்ற வேண்டிய நேரம். நட்டை முறுக்குகிற நேரம் இல்லை.

பார்க்கும்போது வீட்டில் இருக்கிற பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், நீங்கள் நட்டை முறுக்குவதை அது ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.